ஆல்ப்ஸ் உள்ள குழந்தைக்கு லிம்ஃபோமா வருமா?

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் எழுதிவிடுகிறேன்; இதே நிலையில் இருக்கும் வேறு பெற்றோருக்கும் உதவும். மகனுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்தே கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது, மண்ணீரல் வீங்கியிருக்கிறது, தட்டணுக்கள் இரண்டு முறை மளமளவென்று இறங்கியிருக்கின்றன. கடைசியில் மரபணுப் பரிசோதனையில் ஃபாஸ் மரபணுவில் பிழை இருப்பது தெரிந்து, ஆட்டோஇம்யூன் லிம்ஃபோபுரோலிஃபரேட்டிவ் சிண்ட்ரோம், சுருக்கமாக ஆல்ப்ஸ், என்று உறுதி செய்திருக்கிறார்கள். "இது புற்றுநோய் இல்லை" என்று டாக்டர் சொன்னதும் போன உயிர் திரும்பி வந்தது. "ஆனால் பிற்காலத்தில் லிம்ஃபோமா, அதாவது நெறிகளில் வரும் ஒரு வகைப் புற்றுநோய், வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்" என்றதும் மறுபடி போய்விட்டது. இணையத்தில் தேடினால் 51 மடங்கு என்று இருக்கிறது. எல்லா நெறிகளையும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா, மண்ணீரலை எடுத்துவிட்டால் ஆபத்து குறையுமா, அதே பிழை இருந்தும் ஆரோக்கியமாக இருக்கும் மகளை என்ன செய்வது, பையன் கால்பந்து ஆடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்த நோய்களைப் பார்ப்பவன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன். ஆம், வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் இன்று உங்கள் மகனின் கழுத்தில் தட்டுப்படும் நெறிகள் லிம்ஃபோமாவின் முதல் படி அல்ல. வீக்கம் வேறு, ஆபத்து வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி பயம் போகும், மீதிப் பாதி சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், இந்த நோயில் லிம்ஃபோமா பயத்தில் எடுத்த அவசர முடிவுகள் சில குழந்தைகளுக்கு நெறிகளைவிட அதிகக் கெடுதல் செய்திருக்கின்றன.

முதலில் அந்த 51 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2001-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்கள் 39 குடும்பங்களை எடுத்துக்கொண்டு 223 பேரைப் பரிசோதித்தார்கள். அதில் 130 பேருக்கு ஃபாஸ் பிழை இருந்தது. அந்த 130 பேரில் 10 பேருக்கு, மொத்தம் 11 லிம்ஃபோமாக்கள் வந்திருந்தன. பொது மக்களில் இதே எண்ணிக்கை ஆட்களுக்கு எவ்வளவு வந்திருக்க வேண்டுமோ அதோடு ஒப்பிட்டபோது, லிம்ஃபோமாவின் இரு பெரும் பிரிவுகளில் ஹாட்ஜ்கின் வகை 51 மடங்கும் ஹாட்ஜ்கின் அல்லாத வகை 14 மடங்கும் அதிகம் என்று கணக்கு வந்தது.

மடங்கு என்பது எதன் மேல் மடங்கு என்று கேட்காமல் அந்த எண்ணைச் சுமக்கக் கூடாது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா அமெரிக்காவிலேயே ஆண்டுக்கு லட்சத்தில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வருகிறது. அதை 51-ஆல் பெருக்கினால், தோராயமாக, ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்குச் சற்று மேல். அதாவது, எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் வராமலிருக்கும் வாய்ப்புதான் மிக மிக அதிகம். ஆயுள் முழுவதும் கூட்டினால் அது அலட்சியம் செய்யக்கூடிய எண் அல்ல என்பதும் உண்மை. 130 பேரில் 10 பேர் என்றால் 13 பேருக்கு ஒருவர்.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் எண். நெறிவீக்கம் முதலில் பதிவானதற்கும் லிம்ஃபோமா வந்ததற்கும் இடையே சிலருக்கு 48 ஆண்டுகள் வரை இடைவெளி இருந்தது. இது சின்ன வயதில் வந்து, வளர்ந்ததும் தாண்டிப் போகிற ஆபத்து அல்ல. அதனால்தான் 2014-ல் அதே நிறுவனம், நோயுள்ள 150 பேரையும் பிழை இருந்தும் ஆரோக்கியமாக இருந்த 63 உறவினர்களையும் இருபது ஆண்டுகள் பார்த்த அனுபவத்தை வெளியிட்டபோது, ஒப்பீட்டு ஆபத்து முன்பு சொன்னதைவிடக் கூடுதலாகவே இருந்தது. அதிக காலம் பார்த்தால் அதிகம் கண்ணில் படுகிறது. இதை உங்களிடம் மறைத்து ஆறுதல் சொல்வதில் பிரயோஜனமில்லை.

ஏன் கூடுகிறது? நம் உடலில் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் ஒரு கிருமியை எதிர்க்கப் பெருகுகின்றன. வேலை முடிந்ததும் சாக வேண்டும். அந்தச் சாவுக்கான கட்டளையை வாங்கும் கதவுமணி மாதிரியான புரதம்தான் செல்லின் மேல் இருக்கும் ஃபாஸ். அது தனியாக வேலை செய்யாது; மூன்று ஃபாஸ்கள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் செய்தி உள்ளே போகும். உங்கள் மகனுக்கு ஃபாஸ் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில்தான் பிழை. அப்படியானால் பாதி வேலையாவது நடக்க வேண்டுமே என்று தோன்றும். பிழையான புரதமும் செல்லின் மேற்பரப்புக்கு வந்து இந்த மூவர் கூட்டில் சேரும் வகையாக இருந்தால், கணக்கு அப்படி வராது. மூன்றும் நல்லதாக அமையும் வாய்ப்பு பாதியில் பாதியில் பாதி, அதாவது எட்டில் ஒன்று. மீதி ஏழிலும் குறைந்தது ஒரு பழுது கலந்துவிடும். புரதத்தின் உள்பகுதியில், செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் இடத்தில், பிழை இருப்பவர்களுக்கு இப்படித்தான் நடக்கிறது. இவர்களுக்கு நோய் வெளிப்படுவதும் அதிகம். லிம்ஃபோமா வந்தவர்களில் பெரும்பாலோரும் இந்த வகைப் பிழை உள்ளவர்களே. உங்கள் ரிப்போர்ட்டில் பிழை எந்த எக்ஸானில், அதாவது மரபணுவின் எந்தத் துண்டில், என்று எழுதியிருக்கும். அது உள்பகுதியா வெளிப்பகுதியா என்று டாக்டரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். சிகிச்சை அதனால் இன்று மாறாது, ஆனால் பின்னாளில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

இப்போது நான் சொன்ன 'வீக்கம் வேறு, ஆபத்து வேறு' என்பதற்கு வருகிறேன். நெறியையும் மண்ணீரலையும் பெரிதாக்குவது பெரும்பாலும் சாகாமல் தேங்கிய டி செல்கள் என்ற லிம்ஃபோசைட் வகை. அதிலும் ஒரு தனி ரகம், சிடி4 அடையாளமும் இல்லாமல் சிடி8 அடையாளமும் இல்லாமல் இருக்கும் டபுள் நெகட்டிவ் டி செல். ரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகளில் 1.5 சதவீதமோ அதற்கு மேலோ இவை இருந்தால்தான் ஆல்ப்ஸ் என்று சந்தேகிக்கிறோம். உங்கள் மகனின் ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை வகை பிரித்து எண்ணும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் இந்த எண் இருக்கும். ஆனால் ஆல்ப்ஸ் நோயாளிகளுக்கு வரும் லிம்ஃபோமாக்கள் பெரும்பாலும் பி செல்கள் என்ற இன்னொரு லிம்ஃபோசைட் வகையிலிருந்து வருபவை. வீங்க வைக்கும் செல் ஒன்று, கெட்டுப் போகும் செல் இன்னொன்று!

பி செல் ஏன்? கிருமியைப் பிடிக்கும் நல்ல ஆன்டிபாடி தயாரிக்க வேண்டும் என்பதற்காக பி செல்கள் நெறிக்குள்ளே தங்கள் டிஎன்ஏவையே வெட்டி, மாற்றி, ஒட்டிப் பார்க்கின்றன. அந்த வேலையில் தவறு நேர்ந்த செல்களைக் கழித்துக்கட்டும் வழிகளில் ஃபாஸ் ஒன்று. அது மந்தமாக இருந்தால் தவறான செல் ஒன்றிரண்டு தப்பித்துப் பிழைக்கும். பல வருடங்களில் அதன் மேல் வேறு பிழைகளும் சேர்ந்தால் லிம்ஃபோமா ஆகலாம். ஆகவே நெறி எவ்வளவு பெரிது, எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. கழுத்து முழுக்க நெறி உள்ள பையன் கடைசிவரை நன்றாக இருக்கலாம்.

அப்படியானால் எதைக் கவனிப்பது? ஆல்ப்ஸ் நெறிக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். விரல் நுனியால் உருட்டினால் வழுக்கி நகரும், வலிக்காது. ஒரு மாதம் பெரிதாகும், அடுத்த மாதம் தானே வற்றும். பொதுவாக இளம்பருவத்தைத் தாண்டும்போது மெல்ல மெல்லக் குறையும். இந்தக் குணத்திலிருந்து விலகிப் போகும் நெறிதான் கவனத்துக்குரியது: மற்றவை அப்படியே இருக்க ஒன்று மட்டும் சில வாரங்களில் வேகமாக வளர்வது, கல் மாதிரி கெட்டிப்படுவது, அடியில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது, மார்புக்குள்ளோ வயிற்றிலோ புதிதாக ஒரு கட்டி தெரிவது. கூடவே காரணம் புரியாத காய்ச்சல் நாட்கணக்கில் நிற்பது, ராத்திரியில் உடுப்பை மாற்ற வேண்டிய அளவுக்கு வியர்ப்பது, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

இதில் வயது ஒரு பெரிய துப்பு. ஏழு வயதில் இருபது நெறி என்பது இந்த நோயின் வழக்கம். அதே பையன் வளர்ந்து, பத்து வருடம் எல்லாம் அடங்கியிருந்து, 25 வயதில் புதிதாக ஒரே ஒரு நெறி பெரிதானால், அந்த ஒன்று எனக்கு இந்த இருபதைவிடக் கவலை தரும். குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும் சமயத்தில்தான் இந்தத் தொடர்பு அறுந்து போகிறது. 'சின்ன வயசில் ஏதோ இருந்தது, இப்போது சரியாகிவிட்டது' என்று பையனே சொல்லத் தொடங்குவான். அவனுக்குப் பதினைந்து பதினாறு வயதாகும்போது இந்த விவரத்தை நீங்களே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது: ஒரு நோட்டில் உடலின் படத்தைப் போட்டு, எங்கே எத்தனை சென்டிமீட்டர் நெறி என்று தேதியோடு மாதம் ஒரு முறை குறித்து வையுங்கள். தினமும் தடவிப் பார்க்காதீர்கள். தினம் பார்த்தால் மாற்றமே தெரியாது, பயம் மட்டும் தெரியும், அது பையனுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

எல்லா நெறியையும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் அவன் சிறுவயது முழுக்க அறுவை அரங்கத்தில் போய்விடும். குணம் மாறிய நெறி ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், எடுக்கும்போது ஒழுங்காக எடுக்க வேண்டும். ஊசி குத்தி உறிஞ்சிப் பார்ப்பது இங்கே போதாது. லிம்ஃபோமா நெறியின் ஒரு மூலையில் மட்டும் இருக்கலாம், அதனால் முழு நெறியும் வேண்டும். பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போடுவதற்கு முன் ஒரு துண்டு ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குப் போக வேண்டும்.

அப்புறம், நெறியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் மருத்துவரான பேத்தாலஜிஸ்டிடம் இது ஆல்ப்ஸ் என்று சொல்லாமல் அனுப்புவது பெரிய தவறு. ஆல்ப்ஸ் நெறியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நல்ல அனுபவசாலிக்கே திக்கென்று இருக்கும். டி செல்கள் குடியிருக்கும் பகுதி அளவுக்கு மீறி விரிந்து, பெரிய பெரிய செல்கள் நெருக்கியடித்து, பல செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். பெருக்கத்தைக் காட்டும் சாயம் ஏற்றினால் பளிச்சென்று பிடிக்கும். டி செல் லிம்ஃபோமா என்று எழுதிவிட எல்லா முகாந்திரமும் உண்டு. 1967-ல் கனாலே, ஸ்மித் என்ற மருத்துவர்கள் இந்த நோயை முதலில் விவரித்தபோதே, லிம்ஃபோமாவைப் போலத் தோன்றும் நாட்பட்ட நெறிவீக்கம் என்றுதான் எழுதினார்கள். ஆகவே பயாப்சி சீட்டில் மூன்று வரி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்: ஃபாஸ் பிழை உறுதியான ஆல்ப்ஸ் நோயாளி, இந்த நெறி மட்டும் இத்தனை வாரத்தில் வளர்ந்தது, பி செல் லிம்ஃபோமா இருக்கிறதா என்று பார்க்கவும்.

பெட் ஸ்கேன் பற்றியும் இதே எச்சரிக்கை. ஆல்ப்ஸ் நெறிகள் லிம்ஃபோமா இல்லாமலே பெட் ஸ்கேனில் ஒளிரும். ரிப்போர்ட்டில் "கழுத்து, மார்பு, வயிறு எங்கும் ஒளிர்கிறது" என்று படித்தால் எந்தப் பெற்றோருக்கும் கை நடுங்கும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் ஒளிர்ந்தால் அது நோயின் வழக்கமான முகம். கூட்டத்தில் ஒன்று மட்டும் மிக அதிகமாக ஒளிர்ந்தாலோ, பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டால் மாறியிருந்தாலோ, எந்த நெறியை எடுப்பது என்று தீர்மானிக்க அது உதவும். பெட் ஸ்கேனின் உண்மையான பயன் அங்கேதான். வருடா வருடம் வாடிக்கையாக எடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன், கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும். கையால் பரிசோதிப்பது, ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, இவையே வழக்கமான கண்காணிப்புக்குப் போதும்.

ஸ்டீராய்டு பற்றி ஒரு வார்த்தை. தட்டணுவோ சிவப்பணுவோ திடீரென்று இறங்கும்போது ஸ்டீராய்டு அவசியம், தயங்க வேண்டாம். ஆனால் நெறியைச் சுருக்குவதற்காக மட்டும் கொடுக்கக் கூடாது. நிறுத்தியதும் நெறி திரும்பி வரும். சந்தேகத்துக்குரிய நெறி இருக்கும்போது பயாப்சிக்கு முன் கொடுத்தால் லிம்ஃபோமாவின் அடையாளத்தையே தற்காலிகமாக அழித்துவிடக்கூடும்.

மண்ணீரல் விஷயத்தில் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அவசரப்படாதீர்கள். அதை எடுப்பதால் லிம்ஃபோமா ஆபத்து குறையாது. பிழை அந்த உறுப்பில் இல்லை, லிம்ஃபோசைட்டுகளில் இருக்கிறது. தட்டணுக் குறைவும் எடுத்த பிறகு பலருக்குத் திரும்பி வருகிறது. எடுத்தவர்களுக்கோ நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகள் ரத்தத்தில் பரவி, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம். மேலே சொன்ன 2014 அறிக்கை, இந்த நோயாளிகளின் மரணத்துக்கும் பெரும் துன்பத்துக்கும் முக்கியக் காரணங்களாக இரண்டைச் சொல்கிறது: ஒன்று லிம்ஃபோமா, இன்னொன்று மண்ணீரலை எடுத்தபின் வந்த கிருமித் தொற்று. முதல் காரணத்தை நம்மால் தடுக்க முடியாது. இரண்டாவது முழுக்க நம் கையில் இருந்தது என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. ஏற்கெனவே எடுத்தவர்கள் தடுப்பூசிகளையும் தினசரி பென்சிலினையும் விடக் கூடாது. காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனை.

மண்ணீரலைக் காப்பாற்ற இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. மைக்கோஃபினலேட் ரத்த அணுக்கள் இறங்காமல் பிடித்து வைக்கும், நெறியை அவ்வளவாகச் சுருக்காது. சைரோலிமஸ் இரண்டையும் செய்யும். டபுள் நெகட்டிவ் செல்களையே குறைக்கும். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும், வாய்ப்புண் வரலாம், கொழுப்பு ஏறலாம். ரிட்டுக்ஸிமாப் இந்தக் குழந்தைகளில் சிலருக்கு ஆன்டிபாடி உற்பத்தியை நீண்ட காலத்துக்கு முடக்கிவிடுவதால் அதைக் கடைசியாக யோசிப்பதே நல்லது. சைரோலிமஸ் கொடுத்தால் லிம்ஃபோமா வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி நிரூபிக்கப்படவில்லை. நெறியோ ரத்த அணுக்களோ தொந்தரவு கொடுத்தால்தான் மருந்து. ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு வெறும் நெறிக்காக மருந்தே வேண்டாம்.

சரி, ஒருவேளை வந்துவிட்டால்? செல்லைச் சாகடிக்கும் வழியே பழுதாக இருக்கும்போது கீமோதெரபி எப்படி வேலை செய்யும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. செல்லைச் சாகச் செய்ய ஃபாஸ் மட்டும் வழி அல்ல. பெரும்பாலான கீமோ மருந்துகள் டிஎன்ஏவைச் சேதப்படுத்தி, செல்லுக்கு உள்ளேயே, மைட்டோகாண்ட்ரியா வழியாக, வேறு பாதையில் சாவை வரவழைக்கின்றன. ஆல்ப்ஸில் அந்தப் பாதை நன்றாகவே இருக்கிறது. அதனால் இவர்களுக்கு வரும் லிம்ஃபோமாவுக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சிகிச்சைதான், அது வேலையும் செய்கிறது. சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் நம் முயற்சி எல்லாம் இருக்க வேண்டும். முன்கூட்டியே தடுப்பதற்காக எலும்பு மஜ்ஜை மாற்று செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு அந்தச் சிகிச்சையின் ஆபத்து, தடுக்க நினைக்கும் ஆபத்தைவிடப் பெரிது.

மகளுக்கு வருவோம். ஃபாஸ் பிழை உள்ளவர்களில் 60 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே நோய் வெளிப்படுகிறது. அவள் நோயாளி அல்ல, மருந்தும் வேண்டாம். ஒரு முறை ரத்த அணுக்கள், டபுள் நெகட்டிவ் செல், வைட்டமின் பி12 அளவு பார்த்துக்கொள்ளலாம். பி12 இந்த நோயில் மிக அதிகமாக இருக்கும், சத்து மாத்திரை சாப்பிடாமலே. அது சாதாரணமாக இருந்தால் நல்ல அறிகுறி. அதன் பிறகு ஆண்டுக்கொரு முறை உடல் பரிசோதனை போதும். வளர்ந்தபின் அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தப் பிழை போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதை உரிய வயதில் அவளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மரபணு ஆலோசகர் மூலம் சொன்னால் இன்னும் நல்லது. நீங்களும் உங்கள் துணைவரும் பரிசோதித்துக்கொண்டீர்களா? யாரிடமிருந்து வந்தது என்று பழி சொல்ல அல்ல. இரண்டு பிள்ளைகளுக்கும் இருப்பதால் உங்களில் ஒருவருக்கும் இருக்க வாய்ப்பு மிக அதிகம், அவருக்கும் இந்தக் கண்காணிப்பு வேண்டும்.

கால்பந்து: மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே கைக்குத் தட்டுப்படுகிற காலம் முழுவதும், மோதிக்கொள்ளும் எந்த விளையாட்டும் வேண்டாம். ஓடலாம், நீந்தலாம், பந்தை உதைத்துப் பழகலாம். ஆட்டத்தில் இறங்க வேண்டாம். தட்டணுவும் குறைவாக இருந்தால் சைக்கிளில் கூடக் கவனம். வயிற்றில் அடிபட்டு, இடது பக்கம் வலியோ இடது தோளில் வலியோ வந்தால், முகம் வெளுத்துப் போனால், மண்ணீரல் கிழிந்திருக்கலாம் என்று எண்ணி உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியருக்கு இதை எழுத்தில் கொடுத்து வையுங்கள். சைரோலிமஸில் மண்ணீரல் சுருங்கிவிட்டால் அல்ட்ராசவுண்ட் பார்த்துவிட்டு உங்கள் டாக்டரே ஆட அனுமதிக்கக்கூடும், அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.